பங்குனிக்குப் பிறகும் கமராவுக்கு வேலை இருக்கிறது
மட்டக்களப்பில் பறவைப் படம் எடுக்க மார்கழி முதல் பங்குனி வரைதான் காலம், வலசை வந்தவை போனதும் கமராவை மூடி வைக்கலாம் என்று இங்கே வந்த கட்டுரை சொல்கிறது. சேற்றில் இரை தேடும் உள்ளான்களைப் பொறுத்தவரை சரி. ஆனால் தேனீ பிடித்துத் தின்னும் நீலவால் பஞ்சுருட்டானை மறந்துவிட்டார்கள். தீவின் மற்றப் பக்கங்களுக்கு அது பெரும்பாலும் மாரிகால விருந்தாளி. நம் கிழக்குக் கரையில் ஒரு பகுதி தங்கி, மணல் திட்டுகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. சித்திரை, வைகாசியில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனாலும் நான் விடமாட்டேன். தேனீயையோ தும்பியையோ பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதே கம்பியில் வந்து உட்காரும், கொடுக்குப் போகும்வரை தேனீயைக் கம்பியில் அடித்துத் தேய்க்கும். கம்பியில் முன்கூட்டியே போகஸ் வைத்துக் காத்திருந்தால் பறவையும் தேனீயும் ஒரே படத்தில் கிடைக்கும். வளை வாசலில் மட்டும் போய் நிற்காதீர்கள், தாய்ப்பறவை இரையோடு உள்ளே போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். போனைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அம்பாறைப் பக்கம் குமண வில்லில், அதாவது அங்குள்ள சதுப்பு ஏரியில், நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதும் சித்திரைக்குப் பிறகுதானே? மேலே கருத்தில் 600 மிமீ லென்ஸ் வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: 300 போதும், ஆட்டோவை விட்டு இறங்காமல் எடுங்கள், வண்டிக்குப் பறவை அவ்வளவு பயப்படாது. அப்புறம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கினால் தாமரையில் உட்காரும் தேனீயைப் படம் எடுப்பதுதான் சிரமம், தண்டு ஆடிக்கொண்டே இருக்கும். காலை ஆறரைக்கே குளத்தடிக்குப் போய்விடுங்கள்.