ஒரு போல்ட்டை மாற்றினாலே கிளாசிக் கார் தகுதி போய்விடுமா? இல்லை

"பழைய காரில் ஒரு போல்ட்டை மாற்றினாலும் கிளாசிக் தகுதி போய்விடும், இது சர்வதேச விதி" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு விதி கிடையாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா கேட்பதெல்லாம், வண்டிக்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், வரலாற்றுக்குப் பொருந்தும் நிலையில் பராமரிக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதுதான். சந்தேகம் இருந்தால் 2012-ல் அவர்கள் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தைப் படித்துப் பாருங்கள், ஃபிவா இணையதளத்திலேயே இருக்கிறது: வண்டி வழக்கமான புழக்கத்தில் இருந்த அந்தக் காலத்திலேயே செய்த மாற்றங்கள் வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி; பாதுகாப்புக்காகப் பிற்காலத்தில் ஏதாவது மாற்றினால் முடிந்தவரை பழையபடி திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய முக்கியமான அசல் பாகங்களை வண்டியோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சுற்றிவரும் அந்தத் தவறான செய்தியை நம்பி, வெடிப்பு விட்ட பிரேக் ஹோஸையும் காய்ந்து இறுகிய டயரையும் 'ஒரிஜினல்' என்று சிலர் அப்படியே ஓட்டுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவை தேய்கிற பொருட்கள், மாற்றித்தான் ஆக வேண்டும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை வெட்டுவது வேறு கதை, அதைத் திருப்பவே முடியாது.

சரி, இந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.