மூன்று வாரச் சோறு

ஜூன் மாதம் வந்தால் நார்மண்டி படங்கள் எல்லோர் சுவரிலும் வந்துவிடும். ஸ்டாலின்கிராட், மிட்வே, எல் அலமைன் என்று இரண்டாம் உலகப்போரின் போக்கை மாற்றிய சண்டைகளைப் பற்றி நம் ஆட்களும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அந்த வரிசையில் நாகாலாந்தின் கோஹிமாவும் மணிப்பூரின் இம்பாலும் வந்து நான் பார்த்ததில்லை. நம் நாட்டு மண்ணில் நடந்த சண்டை அது. நம் ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று செத்த சண்டை. இந்த ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1944 மார்ச். பர்மாவில் இருந்த ஜப்பானின் 15ஆவது படைக்கு முத்தகுச்சி ரென்யா தளபதி. மூன்று டிவிஷன், ஏறத்தாழ 85,000 பேர். சிந்த்வின் ஆற்றைத் தாண்டி, மலைக்காடு வழியாக நடந்து வந்து இம்பாலைப் பிடிப்பது திட்டம். ஒவ்வொரு வீரனிடமும் சுமார் மூன்று வாரத்துக்கான சாப்பாடு. அதற்குள் இம்பால் விழுந்துவிடும், பிரிட்டிஷ் கிடங்குகள் கைக்கு வந்துவிடும், அப்புறம் அதில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. வழியில் சுமை தூக்கவும், பிறகு கறிக்கு ஆகவும் மாடுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். செங்கிஸ்கான் அப்படித்தானே போனான் என்றார் முத்தகுச்சி. ஆற்றைக் கடக்கும்போதே நிறைய மாடுகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. மிச்சமிருந்தவற்றில் பல, மலை ஏற முடியாமல் வழியிலேயே விழுந்தன. பந்திக்கு ஆளை உட்கார வைத்துவிட்டு, அரிசி பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும் என்று நம்புகிற மாதிரியான ஏற்பாடு இது.

இதை முன்கூட்டியே உணர்ந்த ஒருவர் அந்தப் படையிலேயே இருந்தார். இம்பாலுக்குப் போகும் சாலையை மறிக்கக் கோஹிமாவுக்குப் போகவேண்டிய 31ஆவது டிவிஷனின் தளபதி சாட்டோ. கிளம்பும் முன்பே தன் அதிகாரிகளைக் கூப்பிட்டு, குண்டுக்கு மட்டுமல்ல, பட்டினியால் சாகவும் தயாராக இருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

மூன்று வாரம் என்று கணக்குப் போட்டுவிட்டால், தாமதமாகிற ஒவ்வொரு நாளும் சோற்றிலிருந்துதான் கழியும். வழியில் சாங்ஷாக் என்ற மலைக்கிராமத்தில் இந்தியப் பாராசூட் பிரிகேட் ஒன்று சில நாட்கள் விடாமல் நின்று சண்டை போட்டது. ஜெஸ்ஸாமியிலும் காரசோமிலும் அஸ்ஸாம் ரெஜிமென்ட் நின்றது. 1941-ல்தான் திரட்டப்பட்ட ரெஜிமென்ட், அதற்கு முன் பெரிய சண்டை எதையும் பார்க்காத பையன்கள். இவை மூன்றும் கடைசியில் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. ஆனால் அங்கே போன நாட்கள் போனவைதான். என்னைக் கேட்டால், கோஹிமாவின் முடிவு பாதி இந்த மூன்று ஊர்களிலேயே எழுதப்பட்டுவிட்டது.

ஏப்ரல் 4-ல் கோஹிமா முற்றுகை தொடங்கியது. உள்ளே சண்டை போடத் தெரிந்தவர்கள் 1,500 பேர்தான். வெளியே பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஒரு ரெஜிமென்ட் அளவுக்கு மேல் (டிவிஷனில் ஒரு பகுதிதான் அது) அந்தக் காட்டு வழியில் வரமுடியாது என்று பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் போட்டிருந்த கணக்கு தப்பாகிவிட்டது. ஒரு முழு டிவிஷனே வந்து நின்றது.

சில வருடம் முன்பு கோஹிமா போயிருந்தேன். சண்டை நடந்த குன்றே இப்போது போர்க் கல்லறைத் தோட்டம். மேலே ஏறிப் போனால், அன்றைய டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடுகளை அப்படியே சிமெண்டில் வைத்திருக்கிறார்கள். இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்கு எண்ணி எண்ணி நடந்து பார்த்தேன். முப்பது காலடிக்கும் சற்று மேலே, அவ்வளவுதான். எங்கள் தெருவில் எதிர் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருப்பவரோடு பேசுகிற தூரம். இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. நடுவில் கையெறி குண்டுகள் போய் வந்தபடி இருக்க, வாரக்கணக்கில் இப்படியே கிடந்தார்கள். நீர்நிலைகள் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதால், உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்கூட இல்லை. டயர் டியூப்களில் தண்ணீர் நிரப்பி விமானத்திலிருந்து போட்டார்கள். ஏப்ரல் 18-ல், கீழே ரயில் பாதை ஓடும் ஊரான திமாபூரிலிருந்து உதவி வந்து சேர்ந்தது. ஆனால் அந்த மைதானத்தை மீட்க மே 13 ஆகிவிட்டது. சரிவில் ஒரு டாங்கியைச் சறுக்க விட்டு மைதானத்துக்குள்ளேயே இறக்கி, பதுங்குகுழிகளை நேருக்கு நேர் சுட்ட பிறகுதான் முடிந்தது.

இம்பால் இதற்கு நேர்மாறு. மார்ச் கடைசியில் சாலை துண்டிக்கப்பட்டு, சுமார் ஒன்றரை லட்சம் பேர் பள்ளத்தாக்குக்குள் மாட்டிக்கொண்டார்கள். பட்டினி கிடந்து சரணடைய வேண்டிய நிலை. ஆனால் 19,000 டன் அளவுக்குச் சரக்கும் 12,000 வீரர்களும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். திரும்பிப் போன விமானங்கள் காயம்பட்ட 13,000 பேரையும், சண்டையில் சேராத 43,000 பேரையும் ஏற்றிக்கொண்டு போயின. ரேஷனைக் குறைத்தார்கள், ஆனால் சோறு நிற்கவில்லை. முற்றுகையிட்டவன் பட்டினி கிடக்க, முற்றுகைக்குள் இருந்தவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள வீரக் கதைகளைவிட இந்த ஒரு விஷயம் போதும் என்று நினைக்கிறேன்.

அரிசி வரவில்லை, குண்டு வரவில்லை என்று சாட்டோ தந்தி மேல் தந்தி அடித்தார். பதில் எல்லாம் ‘இன்னும் பொறு’ என்பதுதான். மே கடைசியில் மேலிடத்து உத்தரவை மீறி, மிச்சமிருந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்வாங்கத் தொடங்கினார். ஜப்பான் ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி செய்யக்கூடிய காரியமே அல்ல அது. என்னை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், அங்கே எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றார். அதற்கு வழிவிடாமல், மனநலம் சரியில்லை என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். என் மதிப்பில், அந்தப் படையில் தன் ஆட்களின் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர்தான்.

ஜூன் 22-ல் கோஹிமா–இம்பால் சாலை மறுபடி திறந்தது. ஜப்பான் பக்கம் இறந்தவர்கள் ஏறத்தாழ 30,000 பேர், பெரும்பாலும் பசியிலும் நோயிலும். மழையில் சிந்த்வினை நோக்கித் திரும்பிய அந்த வழியை ஜப்பானியர்களே எலும்புச் சாலை என்று அழைத்தார்கள். தரைப்போரில் ஜப்பான் அதுவரை கண்டிராத தோல்வி. ஆனால் அதே மாதம்தான் ரோம் விழுந்தது, நார்மண்டியில் நேசப்படை இறங்கியது, ரஷ்யர்கள் பெலாரஸில் பெரும் தாக்குதலைத் தொடங்கினார்கள். உலகத்தின் கண் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

ஜப்பானை முடித்தது பசிபிக் கடலும் அணுகுண்டும்தானே, பர்மாவில் என்ன நடந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஸ்டாலின்கிராட் அளவுக்கு இது மொத்தப் போரையும் திருப்பியது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் கோஹிமாவுக்குக் கீழே 74 கிலோமீட்டரில் திமாபூர். கிழக்கே இருந்த மொத்தப் படைக்கும் சரக்கு அங்கேதான் குவிந்திருந்தது. அங்கே ஓடிய ரயில் பாதைதான் வடக்கு பர்மாச் சண்டைக்குத் தளமாக இருந்த லெடோவுக்கும், இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பறந்த விமானங்களின் தளங்களுக்கும் உயிர்நாடி. அது போயிருந்தால் இம்பால் மட்டும் போயிருக்காது. போகாததால்தான் அடுத்த வருடம் மே மாதத்துக்குள் ரங்கூனே ஜப்பானின் கையை விட்டுப் போனது.

இனி எனக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பர்மாப் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்பினால் நீர்மூழ்கிகள் கப்பலை மூழ்கடித்துவிடும் என்றுதான் சயாம்–பர்மா ரயில் பாதையை ஜப்பானியர்கள் போட்டார்கள் (சயாம் என்பது இன்றைய தாய்லாந்து). 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. நாம் சயாம் மரண ரயில் என்று சொல்வது அதைத்தான். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் அடியிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள் பெயரோடு இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு தோட்டம் கிடையாது. எங்கள் அப்பத்தாவின் அண்ணன் மலேயாவிலிருந்து ‘ரயில் வேலைக்கு’ப் போனார் என்பதோடு கடிதம் நின்றுபோனது. அவ்வளவு உயிரைக் கொடுத்துப் போட்ட பாதையில் வந்த அரிசியும், சிந்த்வினுக்கு மேற்கே நின்றவனின் தட்டுக்கு வந்து சேரவில்லை.

அதே தோட்டங்களிலிருந்துதான் நேதாஜியின் படைக்கும் ஆட்கள் போனார்கள். இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் ஏப்ரல் 14 அன்று கொடி ஏற்றியதை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தப் படையும் ஜப்பானியரின் அதே ஓட்டைக் கணக்கை நம்பித்தான் மலையேறியது. மருந்தும் சோறும் இல்லாமல் காய்ச்சலோடு திரும்பி நடந்தது. இதைச் சொன்னால் அவர்களைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்ன பட்டார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் பெருமை மட்டும் பேசுவதுதான் எனக்கு நெருடுகிறது. எதிர்ப்பக்கம், பிரிட்டிஷ் இந்தியப் படையில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவினர் சாலையும் பாலமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் நாம் மறந்துவிட்டோம். காயம்பட்டவர்களைச் சுமந்து மலையிறக்கிய நாகா மக்களைப் பற்றி நாம் பேசுவதே கிடையாது. சொந்த ஊரே எரிந்துபோனது அவர்களுக்குத்தான்.

டிசம்பரில் ஹார்ன்பில் திருவிழாவுக்கு இங்கிருந்து நிறைய பேர் கோஹிமா போகிறீர்கள். அரை மணி நேரம் ஒதுக்கி அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கீழே இருக்கும் ‘உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம்’ கல்லோடு படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாமல் மேலே ஏறுங்கள், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை. உச்சியில், எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. நான் போன அன்று அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைத் தவிர யாருமே இல்லை.