'கெட்' என்றொரு கெட்ட வினைச்சொல்

ஆங்கில-தமிழ் அகராதியில் 'கெட்' (get) என்றால் 'பெறு' என்று ஒற்றை வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பாவம், அதை நம்புகிறவன் பாடு!

கடிதம் வந்தால் ரிசீவ், கடையில் வாங்கினால் பை, தண்ணீர் எடுத்து வந்தால் ஃபெட்ச், வீடு போய்ச் சேர்ந்தால் ரீச், ஜோக் புரிந்தால் அண்டர்ஸ்டாண்ட். எல்லாவற்றுக்கும் 'கெட்' போடலாம். ஆனால் பின்னால் பெயரடை வந்தால் பொருள் 'ஆகு': 'கெட் ஆங்க்ரி' என்றால் கோபப்படுவது. அங்கே 'பெறு' என்ற பொருளில் 'அப்டெயின்' (obtain) போட்டால் கோபத்தை மனுப்போட்டு வாங்கியது போலிருக்கும்.

முடிவெட்டுவது தனி வம்பு. சலூனில் வெட்டிக்கொண்டாலும் தமிழில் 'முடி வெட்டினேன்' என்போம். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரி உங்கள் கையில்! 'ஐ காட் மை ஹேர் கட்' என்றால்தான் வெட்டியவர் வேறொருவர்.

ஏறுவதிலும் நிம்மதியில்லை. பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்'. காருக்கோ 'கெட் இன்'. எழுந்து நடமாட இடமிருந்தால் 'ஆன்' என்று வைத்துக்கொள்ளலாம் என்றால், சைக்கிளுக்கும் 'ஆன்'தானாம். சைக்கிளில் எங்கே நடப்பது?

போதாக்குறைக்கு அமெரிக்கர்களுக்கு 'ஹாவ் காட்' என்றால் இருக்கிறது; 'ஹாவ் காட்டன்' (have gotten) என்றால் கிடைத்தது. பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டுக்கும் 'காட்'தான்.