பேய்க்கதை படிக்கிறவர்கள் சார்பாக

சனிக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் இதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும், அதனால் முழுக்க விவரிக்கப் போவதில்லை. வாசகி ஒருவரிடம், பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அந்தப் பெண் வாம்பயர் (ரத்தம் குடிக்கிற, சாகாத பேய்), சூனியக்காரி, டைம் டிராவல் (காலம் தாண்டிப் போவது) என்று ஆரம்பித்ததும் மேடையில் இருந்த பெரியவர், "ஏம்மா, பேய்க்கதை தவிர வேற ஏதாவது படிச்சிருக்கீங்களா?" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் எழுத்தின் மேலும் உண்டு. அந்தச் சிரிப்பின் மேல்தான் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாம்பயர், சூனியக்காரி, டைம் டிராவல் எல்லாம் காதலோடு கலந்து வருகிற இந்த வகை நாவல் நிற்பதே விதியின் மேல்தான். கற்பனைதானே, எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைப்பவர் இதில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் படித்ததில்லை. வீட்டுக்காரர் கூப்பிடாமல் வாம்பயர் உள்ளே வர முடியாது என்பது ஒரு விதி. அதனால் ஒரு வாம்பயர் வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டால், யார் கூப்பிட்டது என்று கேட்போம். கூப்பிட்டவருக்கு அந்த வீட்டில் கூப்பிடும் உரிமை உண்டா? வாடகைக்கு இருப்பவர் கூப்பிட்டால் செல்லுமா? ஓட்டல் அறைக்கு இதெல்லாம் பொருந்துமா? இதற்காக ராத்திரி ஒரு மணி வரை சண்டை போடுகிற கூட்டம் இது. எதைக் கொடுத்தாலும் விழுங்குகிற குழந்தைகள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது இந்தக் கூட்டத்தைத்தான்.

கணக்கு வேண்டுமா, கணக்கே போடலாம். கடிபட்டவர் எல்லாம் வாம்பயர் ஆவார், ஒவ்வொரு வாம்பயரும் மாதத்துக்கு ஒருவரைக் கடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 33 மாதத்தில் 858 கோடியைத் தாண்டிவிடும். மூன்று வருடத்துக்குள் கடிக்க ஆளே இருக்காது, கதையும் முடிந்தது. அதனால்தான் விவரம் தெரிந்த எழுத்தாளர் மாற்றத்துக்குப் பெரிய தடை வைப்பார். கடித்தால் மட்டும் போதாது, வாம்பயரின் ரத்தத்தைத் திரும்பக் குடிக்கவும் வேண்டும். அல்லது பத்தில் ஒருவர்தான் பிழைப்பார். அல்லது கூட்டத் தலைவரின் அனுமதி வேண்டும். ரத்தத்தின் அளவும் அப்படித்தான். வளர்ந்த மனிதர் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர். அதில் 2 லிட்டர் போனால் உயிருக்கே ஆபத்து. ரத்ததானத்தில் அரை லிட்டருக்கும் குறைவாக எடுத்துவிட்டு, அடுத்த முறைக்கு இரண்டு மூன்று மாதம் பொறு என்கிறார்கள். காதலியிடம் தினம் ராத்திரி குடிக்கிற நாயகனும், மறுநாள் காலை மாடிப்படி ஏறி ஓடுகிற நாயகியும் வருகிற புத்தகத்தை எங்களில் யாரும் மன்னிப்பதில்லை.

வெயில் பட்டால் வாம்பயர் சாகும் என்பது ஆதி காலத்து விதி என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1897இல் வந்த 'டிராகுலா' நாவலில் வாம்பயரான டிராகுலா பிரபு லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடமாடுகிறார். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் சாகிற விதியை நிலைநிறுத்தியது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படம். 'டிராகுலா' கதையை அனுமதி வாங்காமல் எடுத்த படம். நாவலாசிரியரின் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. சில பிரதிகள் தப்பின, கூடவே அந்த விதியும் தப்பியது. அதற்குப் பிறகு எழுதுகிற ஒவ்வொருவரும் இதை ஏற்கிறேனா, மாற்றுகிறேனா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். எந்த எழுத்தாளர் எந்த விதியை யாரிடமிருந்து எடுத்தார் என்று பார்ப்பதே தனி ருசி. மரபு, மரபுமீறல் என்று நீங்கள் மேடையில் பேசுவீர்களே ஐயா, அதேதான் இதுவும்.

டைம் டிராவல் இன்னும் கறாரான சமாச்சாரம். அடிப்படையில் மூன்று வழிதான். நடந்ததை மாற்றவே முடியாது, நீ போனதும் ஏற்கெனவே நடந்ததில் சேர்த்தி. அல்லது மாற்றலாம், திரும்பி வந்தால் உன் உலகமே வேறு. அல்லது நீ தொட்ட இடத்தில் காலம் கிளை பிரியும், பழைய கிளை அப்படியே இருக்கும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் வழியில் முந்நூறு பக்கம் கூட்டிப்போய்விட்டு, நாயகனைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகக் கடைசி இருபது பக்கத்தில் இரண்டாவது வழிக்குத் தாவினால் அது மோசடி.

சின்ன விஷயங்களில்தான் நிறைய பேர் மாட்டுவார்கள். நாயகி 1590ஆம் ஆண்டு லண்டனுக்குப் போகிறாள் என்று வையுங்கள். அங்கே புத்தாண்டு பிறப்பது மார்ச் 25. அந்த ஊர்க் கடிதத்தில் '1590 பிப்ரவரி' என்று இருந்தால் நம் கணக்குக்கு அது 1591. அங்கிருந்து கடல் தாண்டிப் பாரிஸ் போனால் தேதி 10 நாள் முன்னால் ஓடும், ஏனென்றால் பிரான்ஸ் 1582இலேயே நாம் இன்று வைத்திருக்கும் புது நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து மாறியது 1752இல்தான். அங்கே அந்த வருடம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. இது தெரியாமல் தேதியை வைத்து மர்மம் கட்டினால் கட்டிடம் சரியும். இன்னொன்றும் உண்டு. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவித்தார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களில் அநேகமாக யாருக்கும் அந்தத் தடுப்பூசி கிடையாது. உடை தைத்து, பழைய உச்சரிப்பு பழகி, பழைய நாணயம் தேடிப் புறப்படுகிற நாயகி இதை யோசித்தாளா? யோசிக்க வைத்த எழுத்தாளரை அந்த இடத்திலேயே நம்ப ஆரம்பித்துவிடுவேன்.

இனி வழக்கமான குற்றச்சாட்டுகள்.

"இது தப்பித்தல்." எதிலிருந்து தப்பி எங்கே போகிறோம் என்று பாருங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' நாவல், 1979இல் வந்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண், அடிமை முறை நடக்கிற பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரிலாண்டுக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். வீடு திரும்பும்போது இடது கையை இழந்திருக்கிறாள். நல்ல தப்பித்தல்!

"மூடநம்பிக்கையை வளர்க்கும்." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சூனியக்காரி என்ற பழிக்கு நிஜமான பெண்கள் பலியாகியிருக்கிறார்கள். ஆனால் அந்த வரலாற்றை விரல் நுனியில் வைத்திருப்பது யார்? அமெரிக்காவில் இருக்கிற சேலம் ஊரில் சூனியக்காரிகளை எரித்தார்கள் என்று படித்தவர்களே மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எரிக்கவில்லை. 1692இல் அங்கே தூக்கில் தொங்கியவர்கள் 19 பேர். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அன்று அங்கே நடந்த இங்கிலாந்துச் சட்டத்தில் சூனியத்துக்குத் தூக்குத்தான், எரித்தது ஸ்காட்லாந்திலும் ஐரோப்பாவின் பல இடங்களிலும். இந்தப் பிழையை முதலில் பிடிப்பது நீங்கள் சிரித்த அந்த வாசகிதான்.

அறிவியல் மனநிலை பற்றிப் பேசுபவர்களுக்காக இன்னொன்று. கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளரின் அம்மா கத்தரீனாவைச் சூனியக்காரி என்று 1615இல் குற்றம் சாட்டினார்கள். பிறகு பிடித்து 14 மாதம் அடைத்து வைத்தார்கள். மகனே முன்னின்று வாதாடி 1621இல் மீட்டார். அதே கெப்ளர் நிலவுக்குப் போகிற கதை ஒன்றும் எழுதியிருக்கிறார். அதில் கதை சொல்பவனின் அம்மா ஆவியை அழைக்கத் தெரிந்தவள். அந்தக் கையெழுத்துப் பிரதிதான் வதந்திக்குத் தீனி போட்டதோ என்று பிற்பாடு அவரே சந்தேகப்பட்டார். கதை வேறு, நம்பிக்கை வேறு என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் கையில் சங்கிலி வைத்திருந்தார்கள்.

"எல்லாம் ஒரே மாதிரி." சரி, நிறைய குப்பை வருகிறது. ஆயிரம் வருடம் வாழ்ந்தவன் இன்னும் பள்ளிக்கூடப் பெண் பின்னால் சுற்றுவது எங்களுக்கும் எரிச்சல்தான். அதை நாங்கள் திட்டிக்கொள்கிறோம், படித்துவிட்டுத் திட்டுகிறோம். நீங்கள் அட்டையைப் பார்த்தே திட்டுகிறீர்கள்.

உண்மையான உறுத்தல் வேறு என்றுதான் எனக்குப் படுகிறது. துப்பறியும் நாவல் படிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. வேற்றுக்கிரகப் போர் பற்றிப் பத்து பாகம் படித்தவரை 'சயின்ஸ் ஃபிக்ஷன் ஆர்வலர்' என்று மரியாதையாக அறிமுகம் செய்கிறீர்கள். இங்கே காதல் இருக்கிறது, எழுதுபவரும் படிப்பவரும் பெரும்பாலும் பெண்கள். அதனால் 'ஏம்மா'. ஐம்பது வயது ஆண் ஒருவர் இதே பட்டியலைச் சொல்லியிருந்தால் 'ஏம்ப்பா' வந்திருக்குமா? வந்திருக்காது. மிஞ்சிப்போனால் 'சுவாரசியமான ரசனை சார்' என்று வந்திருக்கும்.

எங்கே ஆரம்பிப்பது என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: தொடரின் நடுப்பாகத்தைக் கையில் எடுக்காதீர்கள், விதியெல்லாம் முதல் பாகத்திலேயே சொல்லியாகியிருக்கும். முதல் ஐம்பது பக்கம் படிக்கும்போது பென்சிலால் மூன்று விஷயம் குறித்துவையுங்கள்: மந்திரத்துக்கு என்ன விலை (போடுகிறவர் எதை இழக்கிறார்), சாகாதவரை எது கொல்லும், போனவர் எப்படித் திரும்புவார். பாதிப் புத்தகம் தாண்டியும் மந்திரத்துக்கு விலையே இல்லை என்றால் மூடிவிட்டு வேறு எடுங்கள். அடுத்த பாகத்தில் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆகாது.