ஹார்வி மில் இருந்தது எந்தப் பாபநாசத்தில்?

"நம்ம பாபநாசத்தில் காவிரித் தண்ணீரில் ஓடிய ஹார்வி மில்" என்று ஒரு பழைய புகைப்படம் தஞ்சை, கும்பகோணம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு; அது தஞ்சை மாவட்டத்தில் உள்ள நம் பாபநாசம் அல்ல. ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை 1885-இல் ஓடத் தொடங்கியது திருநெல்வேலிச் சீமையின் பாபநாசத்தில், தாமிரபரணிக் கரையில்.

அங்கே ஆறு பொதிகை மலையிலிருந்து விழுகிறது. அந்த வீழ்ச்சியின் விசைதான் மில்லின் நூற்புக் கதிர்களைச் சுழற்றியது. நம் டெல்டாவோ தட்டை நிலம். வயலுக்குப் பாயும் காவிரிக்கு இங்கே அந்த வேகம் கிடையாது. மில்லை ஒட்டி வளர்ந்த ஊர் விக்கிரமசிங்கபுரம்.

அப்புறம், அந்தச் செய்தி 1908 வேலைநிறுத்தத்தையும் நம் ஊர்க் கணக்கில் எழுதுகிறது. அது ஹார்வியின் தூத்துக்குடி கோரல் மில்லில் நடந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வென்றார்கள். அவர்கள் பட்ட பாட்டை ஊர் மாற்றி எழுதுவது பெரிய அநியாயம்.

டெல்டாவின் நெசவுப் பெருமைக்கு இரவல் மில் எதற்கு? திருபுவனத்தில் இன்றும் பட்டுத்தறி ஓடுகிறது. கொள்ளிடக் கரையின் கோடாலிக்கருப்பூர்ச் சேலையைத் தஞ்சை மராட்டிய அரண்மனையே உடுத்தியது. புகைப்படத்தை அனுப்பியவருக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.