வேண்டிக்கொள்ளச் சொன்னால் என்ன குற்றம்?

நேற்று நம் தோழியின் பதிவில் நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, வேண்டிக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. அதற்கு ஒரு மேதாவி சிரிப்புக் குறி போட்டு, "கடவுளுக்கு பேஸ்புக் கணக்கு இருக்கிறதா?" என்று கேட்கிறார். அதற்கும் லைக் போட ஒரு கூட்டம். தோழி பதிவையே எடுத்துவிட்டார். சந்தோஷமா?

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அவர் மருந்துக்குப் பதிலாகப் பிரார்த்தனை கேட்கவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, ரத்தத்துக்குச் சொல்லியாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. இனி வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்துக்குத் துணை கேட்டார். அவ்வளவுதான்.

அப்பா ஐசியூவில் இருந்தபோது நானும் கேட்டேன். நடுராத்திரி, யாரையும் போனில் எழுப்ப மனமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து முகம் தெரியாத ஓர் அக்கா, "காலையில் வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன் தம்பி" என்றார். இன்னொருவர் சுபுஹு தொழுகையில் துஆ கேட்பதாக எழுதினார். கறுப்புச் சட்டை நண்பர் ஒருவர், "எனக்கு வேண்டத் தெரியாது, ஆனால் முழித்திருக்கிறேன், பேசு" என்றார். (பகுத்தறிவு என்றால் அது.) அப்பா பிழைக்கவில்லை. உடனே "பார்த்தாயா" என்று துள்ள வேண்டாம். அந்த ராத்திரியைத் தாண்ட எனக்குத் துணை இருந்தது. நான் கேட்டதும் அதைத்தான்.

அடுத்து ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு, பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல். பிரார்த்தனை நடந்தும் அது உறுதியாகத் தெரியாதவர்களில் 52 சதவீதம். படித்திருக்கிறேன் ஐயா. அங்கே வேண்டியவர்களுக்கு நோயாளியின் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும்தான் தெரியும். மறுநாள் "அப்பா எப்படி இருக்கிறார், நீ சாப்பிட்டாயா" என்று அவர்களில் யார் கேட்டது? மேலும், அது படுத்திருப்பவரை அளந்த ஆய்வு. வெளியே உட்கார்ந்திருப்பவனை யார் அளந்தார்கள்?

லைக் வாங்கத்தான் என்கிறீர்களா? 1984இல் எம்.ஜி.ஆருக்காக ஒரு மாநிலமே மண்சோறு தின்றது. 2020 ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு, பாரதிராஜா அழைத்தார் என்று, எஸ்.பி.பி.க்காக உலகமெங்கும் அவர் பாட்டைப் போட்டுவிட்டு வேண்டினோம். இன்று சிரிக்கும் ஆட்கள் அன்று மெழுகுவத்திப் படம் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. செப்டம்பர் 25இல் அவர் போய்விட்டார், யாரும் சிரிக்கவில்லை. பிரபலத்துக்கு என்றால் கண்ணீர், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்றால் விளம்பரமா?

போலிப் பதிவு போட்டுப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆமாம். இவர் பணமா கேட்டார்?

"சொந்தபந்தத்திடம் சொல்ல வேண்டியதை ஊரிடம் ஏன் சொல்ல வேண்டும்" என்று ஒருவர் அறிவுரை வேறு எழுதியிருந்தார். சொந்தபந்தம்! அப்பா காரியத்தன்று, பந்தியில் உட்கார்ந்துகொண்டே எங்கள் பெரியப்பா மகன் கேட்டார்: "பேஸ்புக்ல எல்லாம் போட்டியாமே, எனக்கு ஒரு போன் போட்டா கொறஞ்சா போயிடுவே?"

போட்டேன் அண்ணே. நீங்கதான் எடுக்கலை.