ஆழம் இருந்தால் பெரிய கப்பல் வந்துவிடுமா?

"உலகத்திலேயே நல்ல இயற்கைத் துறைமுகம் எங்களிட்ட இருக்கு, பெரிய கப்பல் ஏன் கொழும்புக்குப் போகுது?" என்று திருகோணமலையில் பலரும் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலை எல்லாரும் அரசியலில் மட்டும் தேடுகிறோம். தண்ணீருக்குள்ளும் கொஞ்சம் தேட வேண்டும்.

கொழும்பு தன் ஆழத்தைக் காசு கொடுத்து வாங்கியது. ஆறு கிலோமீற்றருக்கு மேல் அலைதாங்கி கட்டி, 18 மீற்றர் தோண்டி, 2013இல் தெற்கு முனையத்தைத் திறந்தார்கள். எங்களுக்கோ திருகோணமலைத் துறைமுகம் இருக்கும் கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. நுழைவாயிலில் கவலையே இல்லை. கவலை இறங்குதுறையை ஒட்டிய கடைசி சில நூறு மீற்றரில்தான்.

14 மீற்றர் அமிழும், 32 மீற்றர் அகலமான தானியக் கப்பல் ஒன்றை எடுங்கள். ஓடும்போது கப்பல் இன்னும் கீழே அமுங்கும்: திறந்த நீரில் 10 நொட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீற்றர்) வேகத்தில் சுமார் 80 சென்ரிமீற்றர், 5 நொட்டில் 20. ஒடுங்கிய வாய்க்காலில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலற் வேகத்தைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். இரண்டு பாகை சாய்ந்தால் ஒரு பக்கம் 56 சென்ரிமீற்றர் இறங்கும். மாரியில் மகாவலி வெள்ளம் குடாவில் கலந்து உப்புக் குறைந்தால் மிதப்பும் குறையும். முழு நன்னீரில் இந்தக் கப்பல் 35 சென்ரிமீற்றர் கூடுதலாக அமிழும். இவ்வளவுக்கும் மேல் அடியில் கைகாவலாக இடைவெளி வேண்டும். ஹம்பேர்க்கில் மூன்று மீற்றருக்கு மேல் ஏறும் வற்றுப்பெருக்கை நம்பிக் கப்பலை உள்ளே எடுக்கலாம். இங்கே அது ஒரு மீற்றர்கூட இல்லை. வரைபடத்தில் இருக்கும் ஆழம்தான் கையில் இருக்கும் ஆழம்.

அப்படியென்றால் துறையடியைத் தோண்டினால் என்ன? பழைய இறங்குதுறையின் தூண்கள் எவ்வளவு ஆழத்தில் ஊன்றியிருக்கின்றன என்று பார்க்காமல் தோண்டினால், தூணைப் பிடித்திருக்கும் மண்ணே போய்விடும். முதலில் உருக்குத் தகட்டுச் சுவர் அடிக்க வேண்டும், அல்லது துறையையே புதிதாகக் கட்ட வேண்டும். செலவு அங்கேதான்.

பலரும் மறப்பது காற்றை. 400 மீற்றர் கொள்கலன் கப்பலின் பக்கவாட்டுப் பரப்பு 15,000 சதுர மீற்றர் அளவில் வரும். 20 நொட் கச்சான் காற்று அதில் குறுக்கே அடித்தால் சுமார் தொண்ணூறு தொன் விசையோடு தள்ளும். 60 தொன் இழுவிசையுள்ள இழுவைப் படகு ஒன்றால் அதைத் தாங்க முடியாது; இரண்டு வேண்டும், கைகாவலாக மூன்றாவதும் நிற்கவேண்டும். திரும்புவதற்குக் கப்பல் நீளத்தின் இரு மடங்கு, அதாவது 800 மீற்றர் விட்ட வெளி வேண்டும். இரவில் உள்ளே எடுக்க மிதவை விளக்குகள் ஒன்றுவிடாமல் எரிய வேண்டும்.

ஆகவே இனிமேல் "எவ்வளவு ஆழம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தத் துறையில், எந்த ஆண்டு அளந்த ஆழம்? எத்தனை இழுவைப் படகு, ஒவ்வொன்றும் எத்தனை தொன் இழுக்கும்? ஒவ்வொரு மாரி முடிந்ததும் துறையடியை எதிரொலிமானியால் (ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் கருவியால்) அளந்து அந்த எண்ணைப் பகிரங்கமாக வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். கப்பல் நிறுவனம் முதலில் கேட்பதும் அந்த எண்ணைத்தான்.